பின்வாசலுக்கு யார் பொறுப்பு

கண்டக்டரம்மாவைக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், பின்பக்கத்தில் யாருக்கும் அவள்மேல் கோபம் இல்லை என்பதுதான். கோபப்படும் அளவுக்கு அவள் அங்கே இருந்ததில்லை.

பின்பக்கம் என்பது நகரத்துப் பெரிய பூங்காவின் பின்சுவருக்கு வெளியே இருந்த இரண்டு வரிசை வீடுகள். பூங்கா பெரியது. ஏரி, ஒரு சின்னக் குன்று, மரத்தோப்பு, குழந்தைகள் ரயில், நடைபாதை என்று எல்லாம் உண்டு. அதெல்லாம் வருவதற்கு முன்னால் ஏரிக்கரையில் அவளுடைய ஆட்கள் குடியிருந்தார்கள். எப்போதிலிருந்து என்று அவர்களுக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது. நகரத்துக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று முடிவானதும் அவர்களை எழுப்பிச் சுவருக்கு வெளியே வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த இடத்துக்குப் பேர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேச்சுவாக்கில் 'பின்பக்கம்' என்று சொல்லப்போய் அதுவே நிலைத்துவிட்டது. ஆண்களில் பாதிப் பேர் பூங்காவிலேயே புல்வெட்டவும் தண்ணீர் பாய்ச்சவும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஏரியைப் பார்க்க முன்வாசலில் டிக்கெட் வாங்கினார்கள்.

கண்டக்டரம்மாவின் அப்பாவும் புல்வெட்டுகிறவர்தான். அவள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு நகரப் பேருந்தில் கண்டக்டர் வேலைக்குப் போனாள். டவுனில் ஒரு தையல்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவர் வேறு ஆட்களைச் சேர்ந்தவர். நல்லது கெட்டதுக்கு மட்டும் பின்பக்கம் வந்துபோவாள். காலமெல்லாம் நின்றே வேலை பார்த்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, பூட்டிக் கிடந்த அப்பா வீட்டைச் சுத்தம் பண்ணிப் புருஷனோடு குடிவந்தாள். தையல்காரர் முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் வேலை வேலை என்று வெளியூர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அவள் வந்த மறுவருடம் புதுச் சட்டம் வந்தது. பூர்வகுடி மக்களின் இடத்தில் அமைந்த பூங்காக்களை இனி அதிகாரிகள் மட்டும் நடத்தக்கூடாது. நிர்வாகக் குழுவில் பாதி இடம் அந்த மக்களுக்கு. பின்பக்கத்துக்கு ஆறு இடம். ஐந்து இடத்துக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையும் எப்படியோ அடித்துப் பிடித்து ஆள் போட்டுவிட்டன. ஆறாவது இடத்துக்குத்தான் தகராறு. மேல்வரிசை ஆள் வந்தால் கீழ்வரிசை எழுந்து போகும். கீழ்வரிசை ஆள் வந்தால் மேல்வரிசை எழுந்து போகும். நாற்காலிகள் நகரும் சத்தத்தில் பாதிக் கூட்டம் கழிந்தது.

கீழ்வரிசையில் பேச்சுக்காரன் மேஸ்திரி. கட்டட வேலைக்காரன், குரல் நாலு மாடிக்குக் கேட்கும். முடிவான ஐந்து பேரில் அவனும் ஒருவன். அவனே அலுத்துப்போய்ச் சொன்னான்:

"கண்டக்டரக்காவைப் போடுங்கய்யா. அவங்க மேலயும் இல்ல, கீழயும் இல்ல. பஸ்லயே இருந்தவங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் முடிவாகிவிட்டது. கண்டக்டரம்மா கடைசி வரிசையில் முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் ஊசியில் நூல் கோர்த்தபடி, "மீட்டிங்கா? பிஸ்கட் என்ன பிஸ்கட்னு மட்டும் வந்து சொல்லு" என்றார்.

முதல் கூட்டம் பூங்கா அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. நீள மேசை, இரண்டு பக்கமும் ஆறு ஆறு பேர். தலைப்பக்கம் பூங்காக் கண்காணிப்பாளர். நல்ல மனுஷன், தலை நரைத்தவர், எதைச் சொன்னாலும் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் சொல்வார். அன்றைக்கு அவர் எழுந்து நின்றார்.

"இது உங்க இடம். உங்க மரபுப்படி நீங்களே ஒரு வாழ்த்துச் சொல்லி ஆரம்பிச்சு வைக்கணும்" என்று கண்டக்டரம்மா பக்கம் கையை நீட்டினார். வயதில் மூத்தவள் அவள்தான்.

அவள் தன் பக்கத்து ஆட்களைப் பார்த்தாள். ஒருவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். மேஸ்திரி மின்விசிறி ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். "வணக்கம். எல்லாரும் உக்காருங்க. ஆரம்பிக்கலாம்" என்றாள்.

மேசையின் ஓரத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். பூங்காவில் புதிதாக வைக்கப்போகும் விளக்கப் பலகைகளை எழுத அமர்த்தப்பட்டவள். பின்பக்கத்தில் அவளுக்குப் 'போர்டு மேடம்' என்று பேர். அவள் அந்த மூன்று வாக்கியத்தையும் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு போர்டு மேடம் அவளை விடவில்லை. இந்த மரத்தைப் பற்றி உங்க ஆட்கள் என்ன சொல்வாங்க, இந்த ஏரிக்கு உங்க மொழியில என்ன பேரு, குன்றுமேல ஏதாவது இருந்ததா என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் கேள்வியோடு வருவாள். கண்டக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளுடைய ஆட்களின் மொழியில் அவளுக்குச் சாப்பிடக் கூப்பிடத் தெரியும், நன்றாகத் திட்டத் தெரியும். அவ்வளவுதான். "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே கூச்சமாகிவிட்டது. டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டு, எப்போது கேட்பார்களோ என்று முழித்துக்கொண்டு நிற்கும் ஆளின் நிலைமை. அப்படிப்பட்டவர்களை எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறாள். இப்போது தானே அந்த இடத்தில் நின்றாள்.

பின்பக்கத்துக்கோ மரமும் குன்றும் பிரச்சினையே இல்லை. அவர்களுக்கு வேண்டியது பின்வாசல்.

பின்சுவரில் ஓர் இரும்பு வாசல் இருந்தது. வீடுகள் கட்டிய புதிதில் திறந்திருந்தது. அந்த வழியாகப் பூங்காவுக்குள் நுழைந்து, ஏரிக்கரையோடு நடந்தால் முன்வாசல். முன்வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலை எல்லாம் அந்த நிறுத்தத்திலிருந்துதான். பிறகு எப்போதோ உள்ளே மரம் திருட்டுப் போனது என்று பூட்டினார்கள். திருடியவன் எந்தப் பக்கத்து ஆள் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. பூட்டு மட்டும் நிரந்தரமானது. பின்பக்கத்து ஜனம் அன்று முதல் மொத்தப் பூங்காவையும் சுற்றி, ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் லாரியும் நெருக்கும் ரோட்டில் நடந்து பஸ்ஸுக்குப் போனார்கள். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

கண்டக்டரம்மா அந்த விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தாள். கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பாதுகாப்புப் பிரச்சினை இருக்கும்மா. நான் இல்லைன்னு சொல்லல. யோசிக்கலாம்."

போர்டு மேடம் ஆர்வமாகக் குறுக்கிட்டாள். "அது உங்க மரபுவழின்னா சட்டத்துல தனியா ஒரு பிரிவே இருக்கு. வழிபாட்டுப் பாதை, மூதாதையர் பாதை, அந்த மாதிரி ஏதாவது. அப்படி இருந்தா மறுக்கவே முடியாது."

இந்தச் செய்தி அன்று சாயங்காலமே பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. சேர்த்தது மேஸ்திரி. அதைப் பிடித்துக்கொண்டது கண்டக்டரம்மாவின் அண்ணன்.

அண்ணன் பூங்காவில் தோட்டக்காரர். அப்பாவின் வேலை அவருக்கு வந்தது. ஆட்களின் மொழி தங்கையைவிட நிறையவே தெரியும். தெரியாத இடத்தைச் சொந்தமாக நிரப்பிக்கொள்ளும் திறமையும் உண்டு. அடுத்த வாரமே போர்டு மேடத்தை ஏரிக்கரையில் உட்காரவைத்துக் கதை சொன்னார். உலகம் வறண்டு கிடந்த காலத்தில், தன் ஆட்களின் முதல் தாய், தாகத்தோடு அழுத ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பின்வாசல் இருக்கும் இடம் வழியாகத்தான் இறங்கி வந்தாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் ஈரம் கசிந்தது. அவள் உட்கார்ந்த இடம் ஏரியானது. போர்டு மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். பலகை எழுதத் தாமதமே ஆகவில்லை. பச்சை நிறத்தில் எழுதி, பூட்டிய வாசலுக்குப் பக்கத்தில் நட்டு, அதன் அடியில் நடைபாதைத் தரையில் ஏழு சின்னப் பாதங்களும் வரைந்துவிட்டார்கள்.

கண்டக்டரம்மா பலகையைப் படித்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்தக் கதையை யாரு சொன்னா உனக்கு?"

"அப்பா."

"அப்பா என்னைக்கு நமக்குக் கதை சொன்னாரு? வேலைக்குப் போயிட்டு வந்தா விழுந்து தூங்குவாரு."

"தூக்கத்துல சொன்னாரு."

உள்ளேயிருந்து அண்ணி சிரித்த சத்தம் கேட்டது. கண்டக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை.

"உனக்கு வாசல் தொறக்கணுமா வேணாமா? அவங்களுக்குக் கதை வேணும், நமக்கு வழி வேணும். குடுத்துட்டு வாங்கிட்டுப் போவோம். நீ ஒண்ணும் பேச வேணாம். தலையை மட்டும் ஆட்டு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்ன செய்யப்போகிறாள் என்று கூட்டத்துக்குப் போகும்வரை அவளுக்கே தெரியாது.

கூட்டத்தில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. அதிகாரிகள் பக்கம் ஒருவரும் எதிர்க்கவில்லை. கதை அவர்களுக்கும் பிடித்திருந்தது. கண்காணிப்பாளர் கடைசியாக, வழக்கமாகக் கேட்கும் குரலில் கேட்டார்:

"இது உங்க மரபுவழி, பரம்பரையா வந்த கதைன்னு குழுவுக்கு உறுதி சொல்றீங்களாம்மா?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். பக்கத்தில் மேஸ்திரி ஏற்கெனவே தன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"கதை எங்க அண்ணன் சொன்னது சார்" என்றாள் அவள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு போன மாசம்தான் கட்டினாரு. வழி எங்களுக்கு வேணும். பஸ்ஸுக்குப் போறதுக்கு வேணும். ஏரிக்கரையில இருந்தோம், எழுப்பி வெளிய விட்டீங்க, அப்புறம் கதவையும் பூட்டிட்டீங்க. இது நடந்த கதை. இது போதாதா?"

போர்டு மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். பிறகு, மரபுவழி என்று உறுதியாகாததால் தீர்மானத்தை ஒத்திவைப்பதாகச் சொன்னார். மேஸ்திரி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர் எழுந்துபோனார்கள்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. குழாயடியில் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். மேஸ்திரி அவளை எங்கே பார்த்தாலும் "வழி விடுங்கப்பா, நேர்மைத் திலகம் வர்றாங்க" என்பான். கைக்குழந்தைக்காரிகள் திட்டியதுதான் அவளுக்கு உறைத்தது. "உனக்கென்ன, உனக்கு வேலைக்கும் போக வேணாம், புள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் ஓட வேணாம்" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். அண்ணன் பேச்சை அடியோடு நிறுத்திவிட்டார். எதிரெதிர் வீடு. அவர் வாசலுக்கு வரும்போது இவள் உள்ளே போக வேண்டும், இவள் வரும்போது அவர் உள்ளே போக வேண்டும் என்று ஒரு முறை தானாக ஏற்பட்டது.

தையல்காரர் மட்டும் ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எனக்கே தெரியலங்க." கீழே கிடந்த நூலைப் பொறுக்கியபடி சொன்னாள்: "நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, முதல் தாய் இந்தப் பக்கம் வரல, அந்தப் பக்கமா வந்தான்னு சொன்னா வாசலை மறுபடியும் மூடிடுவாங்க. நாம பஸ்ஸுக்குப் போறோம்கிறதை எவனும் இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல?"

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"இப்பத்தான் தோணுச்சு."

அவர் மறுபடியும் மிஷினை மிதித்தார்.

அவள் குழுவை விட்டு விலகிவிடுவாள் என்று பின்பக்கம் எதிர்பார்த்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அடுத்த கூட்டத் தேதி வந்ததும் காலையில் குளித்து, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேலைக்குப் போன பழக்கம், வேறொன்றுமில்லை. முழங்கால் வலியோடு சுவரைச் சுற்றி நடந்து போவாள். போய் உட்கார்ந்து கேட்பாள். ஏரியில் பாசி எடுக்கும் ஒப்பந்தம், குழந்தைகள் ரயிலின் சக்கரம், காவலர்களின் முறை மாற்றம், கழிப்பறை அடைப்பு. முதலில் பாதி புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்த அளவுக்கு அலுப்பாகவும் இருந்தது. பூங்கா நடத்துவது என்றால் பெரும்பாலும் அடைப்பு எடுப்பதுதான் என்று தையல்காரரிடம் சொன்னாள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எழுந்து, "பின்வாசல் சார்" என்பாள். "குறிச்சுக்கிட்டேம்மா" என்பார் கண்காணிப்பாளர்.

ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, படிக்கட்டில் அவர் அவளை நிறுத்தினார்.

"நான் ஏன் இழுத்தடிக்கிறேன்னு நினைக்கிறீங்க?"

"தெரியாது சார்."

"நான் இங்க வந்த புதுசுல சுவர் வேலைக்காக அந்த வாசலைக் கொஞ்ச நாள் தொறந்து வெச்சோம். குறுக்கு வழின்னு பைக்கெல்லாம் உள்ள வர ஆரம்பிச்சது. ஒரு சின்னப் பொண்ணு மேல ஒருத்தன் ஏத்திட்டான். கால் ரெண்டா உடைஞ்சுது. தொறக்கச் சொல்லிப் போட்ட கையெழுத்து என்னோடது. விசாரணைன்னு ரெண்டு வருஷம் அலைஞ்சேன். அந்தப் பொண்ணு இப்பவும் சாய்ஞ்சுதான் நடக்குது." அவர் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "மரத்திருட்டெல்லாம் சும்மாம்மா. அதுக்கப்புறம் அந்த வாசல் பக்கமே நான் போறதில்ல."

கண்டக்டரம்மா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பஸ்ஸில் ஏறும்போது விழுந்தவர்களை அவளும் பார்த்திருக்கிறாள். எத்தனை வருஷம் ஆனாலும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகாது.

"கையெழுத்து எங்களோடதா இருந்தா?" என்று கேட்டாள்.

"புரியலையே."

"சாவி எங்ககிட்ட. வாசல்ல நிக்கிறது எங்க ஆளு. எந்நேரம் தொறக்கணும், எந்நேரம் மூடணும், எவனை உள்ள விடணும்கிறது எங்க பொறுப்பு. ஏதாவது ஆச்சுன்னா விசாரணைக்கு நாங்க வர்றோம். சட்டத்துல பாதி நிர்வாகம் எங்களுதுன்னுதானே இருக்கு? பாதின்னா இதுவுந்தானே?"

அவர் நின்று நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "எழுதிக் குடுங்க" என்றார்.

அதைக் குழுவில் வைத்தபோது எதிர்த்தவன் மேஸ்திரிதான். "என்னக்கா விளையாடுறீங்களா? வாசல் கேட்டா தலையைக் கொண்டுபோய்க் குடுக்குறீங்க. தப்பு நடந்தா நம்ம தலைதான் உருளும்."

"ஆமா" என்றாள் அவள்.

"ஆமாவா?"

"இவ்வளவு நாளும் அவரு தலை உருண்டுச்சு. அதான் பூட்டி வெச்சிருந்தாரு. நம்ம தலைன்னா நாம பார்த்துக்குவோம்."

வாக்கெடுப்பில் மேஸ்திரி கையைத் தூக்கினானா, தலையைச் சொறிந்தானா என்று சரியாகத் தெரியவில்லை. எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். ஓர் ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

வாசல் திறந்ததற்கு விழா ஒன்றும் இல்லை. பூட்டுக்குச் சாவி சேரவில்லை. துரு மூடிக் கிடந்தது. மேஸ்திரி ரம்பத்தோடு வந்து அறுத்துப்போட்டு, புதுப் பூட்டு மாட்டினான். கைக்குழந்தைக்காரிகள்தான் முதலில் உள்ளே போனார்கள். ஒருத்தி ஏரிக்கரையில் நின்று, "எங்க அப்பா இங்கதான் பொறந்தாராம்" என்று மற்றவளிடம் சொல்லிவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓடினாள். கண்டக்டரம்மாவோடு குழாயடியில் பேச்சு மறுபடியும் ஆரம்பமானது. அண்ணன் வீட்டுக் கதவு மட்டும் அப்படியே இருந்தது.

வினை கொஞ்ச நாள் கழித்து வந்தது. முதலில் ஒருவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனான். மறுநாள் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டினான். அடுத்த வாரம் அணைக்கவும் இல்லை. ஒருவனைப் பார்த்து ஒன்பது பேர். வாசலில் முறைவைத்து நின்றவர்கள் எல்லோரும் மாமன், மச்சான், சித்தப்பா மகன். யாரை யார் நிறுத்துவது? "தம்பி, பார்த்துப் போப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். நடைபயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் ஒதுங்கப்போய் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். கண்காணிப்பாளர் ஆள் அனுப்பவில்லை; தானே பின்பக்கம் நடந்து வந்தார். "இன்னொரு தடவை நடந்தா நான் பூட்டிடுவேன்மா. சாவி உங்ககிட்ட இருக்கலாம், பூட்டு என்கிட்டயும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து காலை முறையைக் கண்டக்டரம்மா தானே எடுத்துக்கொண்டாள். ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக வந்தது அண்ணனின் மொபெட்.

வேலைக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, பின்னால் மண்வெட்டியைக் கட்டியிருந்தார். வாசலுக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசாதவர் பேசவேண்டி வந்தது.

"தள்ளு."

"வண்டி உள்ள போகக்கூடாது."

"நான் இந்தப் பூங்காவுல வேலை பாக்குறவன்."

"வேலைக்காரங்க வண்டிக்கு முன்வாசல்ல ஷெட் இருக்கு. நடந்து போறதுன்னா இப்படிப் போ."

"யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா? உன் அண்ணன்டி நான்."

"தெரியுது. உன்னை விட்டா நாளைக்கு எவனையும் நிறுத்த முடியாது."

பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். குறுகிய வாசல், இரண்டு பக்கமும் ஜனம். அண்ணன் இன்ஜினை அணைக்கவில்லை.

"இந்த வாசலுக்கு நான் கதை கட்டலேன்னா, பின்பக்கத்துல வாசல்னு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"இருக்கட்டும். ஆனா தொறந்தது உன் கதையால இல்ல."

சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன உடனே அவளுக்குத் தெரிந்தது. அண்ணனின் முகம் ஒன்றும் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது. அவர் வண்டியைக் காலால் பின்னால் தள்ளித் தள்ளி, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே திருப்பினார். மண்வெட்டிக் காம்பு யார் மேலோ இடித்தது. சுவரைச் சுற்றிப் போகும் ரோட்டில் ஏறிப் போய்விட்டார். கண்டக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, "நிக்காதீங்க, போங்க போங்க, பஸ் வந்துடும்" என்றாள்.

அன்றைக்குப் பிறகு பைக் வரவில்லை. தோட்டக்காரரையே திருப்பி அனுப்பினாள் என்றால் நாம் எம்மாத்திரம் என்று விட்டுவிட்டார்கள். மேஸ்திரி ஒருநாள் தானாகவே சிமெண்டோடு வந்து, வாசலில் மூன்று கல்தூண் நட்டான். ஆள் நுழையலாம், வண்டி நுழையாது. "தினமும் அண்ணன் தங்கச்சி சண்டை பார்க்க என்னால முடியாதுக்கா" என்றான். தூண் நட்ட பிறகுதான் சக்கர நாற்காலியும் நுழையாது என்று தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஒரு தூணைப் பிடுங்கி, அந்த இடத்தில் பூட்டோடு கூடிய சின்னக் கதவு வைத்தான்.

அண்ணி இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து அலுத்துப்போனாள். "அவருக்குக் கோபம் நீ நிறுத்துனதுல இல்ல. அவரு கதையை எல்லார் முன்னாடியும் மட்டமாப் பேசிட்டியாம்" என்றாள்.

"நெசந்தானே அண்ணி, மட்டமாத்தான் பேசிட்டேன்."

"அதை அவருகிட்டப் போய்ச் சொல்லு."

போய்ச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவள் செய்தது ஒன்று உண்டு. பலகையை எடுத்துவிட வேண்டும் என்று குழுவில் பேச்சு வந்தபோது, போர்டு மேடம்தான் முதல் ஆளாக எடுக்கச் சொன்னாள். பொய்யை எழுதிவிட்டோம் என்று அவளுக்கு ஆறவே இல்லை. கண்டக்டரம்மா வேண்டாம் என்றாள். பூங்காவுக்கு வரும் குழந்தைகள் அந்த ஏழு பாதத்தின் மேல் தங்கள் கால்களை வைத்து வைத்துப் பார்த்து, கீழே சாயமே போயிருந்தது. "ஒருத்தர் சொன்ன கதைதானே? சொன்னவர் யாருன்னு எழுதிட்டா பொய் எங்க இருக்கு?" என்றாள். பலகையின் அடியில் ஒரு வரி சேர்த்தார்கள்: 'இந்தக் கதையைச் சொன்னவர் இந்தப் பூங்காவின் தோட்டக்காரர்.' அண்ணன் அதைப் படித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. பலகையைச் சுற்றிப் புல் மட்டும் எப்போதும் ஒழுங்காக வெட்டியிருக்கும்.

அவர்கள் மறுபடியும் எப்போது பேச ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. தண்ணீர்க் குழாய் உடைந்து தெரு முழுக்கத் தண்ணீர் ஓடிய ஒருநாள், "அந்தப் பக்கம் வால்வை மூடு" என்று அவர் கத்தினார், "மூடிட்டேன், இன்னும் வருது" என்று இவள் கத்தினாள். அதற்குப் பிறகு பேசாமல் இருந்ததாக நினைவில்லை.

குழுவின் காலம் முடிந்து மறுதேர்தல் வந்தது. இந்தத் தடவை அவள்மேல் கோபப்பட நிறையப் பேர் இருந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவனுக்கும் ஒரு வீடு இருந்தது, வீட்டுக்கு நாலு ஓட்டு இருந்தது. அவள் தோற்றாள். நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றாள். அவளுடைய இடத்துக்கு வந்தது மேஸ்திரியின் பெண்டாட்டி. முடிவைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். தையல்காரர், வெட்டி வைத்திருந்த துணியில் பொத்தானுக்குக் காஜா எடுக்க வருவாயா என்று கேட்டார். அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

புதுக்குழு முதல் வேலையாக ஏரிக்கரையில் பின்பக்கத்து ஆட்களுக்குக் கடைகள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொடுத்தது. கண்டக்டரம்மா குழுவில் இருந்திருந்தால் எதிர்த்திருப்பாள். கரை குப்பையாகிவிடும் என்று வீட்டில் எதிர்க்கவும் செய்தாள். குப்பையாகவில்லை. கடைக்காரப் பெண்கள் காலையும் மாலையும் தாங்களே கூட்டினார்கள். பேப்பரை வீசியவனைப் பார்த்து மேஸ்திரி பெண்டாட்டி போட்ட சத்தத்தில் ஏரி வாத்தெல்லாம் அக்கரைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது சாயங்காலங்களில் கண்டக்டரம்மாவும் தையல்காரரும் அங்கே போய் டீ குடிக்கிறார்கள். கடைக்காரி காசு வேண்டாம் என்பாள். இவள் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நேரமாகிவிட்டால் காவலாளி வந்து, "மூடப் போறோம்மா, கிளம்புங்க" என்பான். பின்பக்கத்துப் பையன்தான், ஒருகாலத்தில் பைக்கில் வந்து திட்டு வாங்கியவன். அவள் தையல்காரரின் தோளைப் பிடித்து எழுந்து, முழங்கால் பழகும்வரை ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, நடப்பாள்.